மடோகா மாஜிகா: கேளுங்கள், சொல்கிறேன்

இன்று ஞாயிறு, வீட்டில் யாரும் இல்லை. "மடோகா மாஜிகா பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். 2011இல் வந்த அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர், மொத்தம் 12 எபிசோடு. இயக்கம் ஷின்போ அகியுகி, கதை உரோபுச்சி கென், ஸ்டுடியோ ஷாஃப்ட். மேஜிக்கல் கேர்ள் கதைகளைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட தொடர் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படிப் புரட்டியது என்று கேட்டால் பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். கீழே கதை முழுக்க வெளியே வந்துவிடும். பார்க்காதவர்கள் இப்போதே ஓடிவிடுங்கள். இன்னொன்று, பார்க்கும்போது ஓப்பனிங் பாட்டை ஸ்கிப் செய்யாதீர்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பின்பெஞ்ச்: அக்கா, நான் நருடோ, ஒன் பீஸ் பார்க்கிற ஆள். மேஜிக்கல் கேர்ள் என்றால் என்னவென்றே தெரியாது. உடைத்தார்கள் என்கிறீர்கள், உடைவதற்கு முன் அது எப்படி இருந்தது?

இப்படித் தொடங்கினால்தான் சரி. 1966இல் தோயெய் எடுத்த 'மஹோட்சுகாய் சாலி'யிலிருந்து கணக்கு வைப்பார்கள். மந்திர நாட்டு இளவரசி பூமிக்கு வந்து பள்ளிக்கூடம் போவாள். 1969இல் அக்கோ-சான் வந்தாள். இவள் நம்மைப் போன்ற சாதாரணச் சிறுமி, கையில் ஒரு மந்திரக் கண்ணாடி கிடைக்கிறது. 1992இல் வந்த சைலர் மூன் இதோடு ஐந்து பேர் கொண்ட சண்டைக் குழுவைச் சேர்த்தது. பிறகு 1998இல் கார்ட்கேப்டர் சகுரா, 2004இல் ப்ரீக்யூர்.

ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும் அச்சு ஒன்றுதான். பேசும் குட்டி விலங்கு ஒன்று வரும். "உன்னால்தான் முடியும்" என்று சொல்லி ஒரு பொருளைக் கொடுக்கும். வீட்டில் சொல்லக்கூடாது. அவள் சுழன்று சுழன்று உடை மாறுவாள். அந்த உருமாறும் காட்சியை ஒருமுறை வரைந்துவிட்டு வாராவாரம் அதையே போடுவார்கள்; ஜப்பானில் இதற்கு 'பேங்க்' என்று பெயர். வரைகிற செலவு மிச்சம், பிள்ளைகளுக்கும் மனப்பாடம், அந்தப் பொருள் பொம்மைக் கடையிலும் விற்கும். கதைக்குள் சிறுமி அதற்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. கடையில் அவள் அப்பா கொடுப்பார்.

இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள். சக்தி இலவசம், விலங்கு நல்லது, ஆசைப்படுவது நல்லது. இந்த வகைக் கதை நிற்பது இந்த மூன்று நம்பிக்கையில்தான்.

மழைக்காகம்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டொமோயே மாமி என்று பெயரைக் கேட்டதும் எனக்கு மடிசார்தான் கண்ணில் வந்தது. சரி, கேள்வி. மூன்றாம் எபிசோடில் மாமி சாவதுதானே அந்தப் பெரிய திருப்பம்?

எனக்கும் மடிசார்தான் வந்தது. அவளுக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் வயசு. மூன்றாம் எபிசோடுக்குப் பிறகு அந்தப் பெயருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

ஆனால் கேள்விக்குப் பதில், இல்லை. இந்த வகையில் சாவு புதுசே கிடையாது. 1982இல் தொடங்கிய மின்கி மோமோ தொடரில் நாயகியே லாரி மோதிச் செத்துப்போவாள். சைலர் மூன் முதல் சீசன் முடிவில் ஐந்து பேரும் சாவார்கள், பிறகு உயிர் பெறுவார்கள். சும்மா ஒருத்தியைக் கொன்றுவிட்டு "தலைகீழாக்கினோம்" என்று சொல்ல முடியாது. எப்போது கொன்றார்கள் என்று பாருங்கள்.

மாமி ஒரு பெரிய அபார்ட்மென்டில் தனியாக இருக்கிறாள். விபத்தில் பெற்றோரை இழந்தவள். நசுங்கிய காருக்குள் கிடந்தபோது க்யூபே என்ற அந்த வெள்ளை விலங்கு வந்து "என்ன வேண்டும்" என்று கேட்டது. யோசிக்க நேரமில்லை, உயிர் வேண்டும் என்றாள். க்யூபே ஓர் ஆசையை நிறைவேற்றும், பதிலுக்கு மேஜிக்கல் கேர்ளாகிச் சூனியக்காரிகளோடு சண்டை போட வேண்டும், அதுதான் ஒப்பந்தம். அன்றிலிருந்து தனியாகச் சண்டை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு டீயும் கேக்கும் கொடுத்து, பயமே இல்லாதவள்போல நடந்துகொள்வாள். மூன்றாம் எபிசோடில் கதையின் நாயகி மடோகா அவள் கையைப் பிடித்து, இனி நீங்கள் தனியாக இல்லை, நானும் வருகிறேன் என்கிறாள். மாமி அழுதுவிடுகிறாள். இசை எழும்புகிறது. ரிப்பனும் துப்பாக்கிகளுமாக ஆடிக்கொண்டே சண்டை போடுகிறாள். இனி எதற்கும் பயமில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறாள். எதிரே பொம்மை மாதிரி ஒரு குட்டிச் சூனியக்காரி, சுட்டதும் சுருண்டு விழுகிறது. அதன் வாயிலிருந்து கோமாளி முகத்தோடு ஒரு நீளமான புழு வெளியே வருகிறது. மாமி அதைப் பார்த்தபடி நிற்கிறாள். அவ்வளவுதான், தலை போய்விட்டது.

மற்ற எந்தத் தொடராக இருந்தாலும், தோழி கையைப் பிடித்த அந்த நிமிடத்தில் நாயகிக்குச் சக்தி இரட்டிப்பாகும். அது இந்த வகையின் எழுதாத சட்டம். மாமி அந்தச் சட்டத்தை நம்பினாள், பார்த்துக்கொண்டிருந்த நாமும் நம்பினோம். நம்பிக்கையில் கொஞ்சம் அசந்தாள், அந்த அசதிதான் அவளைக் கொன்றது.

சேலத்து மாம்பழம்: ரோபோ அனிமேக்கு எவாங்கெலியன் செய்ததைத்தானே இதுவும் செய்தது?

ஓரளவு. அதை எடுத்தால் இன்றைய நாள் போய்விடும், வேறொரு ஞாயிறு.

அரைத்தூக்கம்: மாமி சாவு இல்லையென்றால் வேறு எதைத் தலைகீழ் என்கிறீர்கள்?

யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை. மற்ற தொடர்கள் மறைத்த பில்லை இது மேசைமேல் வைத்தது.

ஆறாம் எபிசோடில் மேம்பாலக் காட்சியைப் பாருங்கள். மடோகாவின் தோழி சயாகா, தான் விரும்பும் பையனுக்காக ஒப்பந்தம் போட்டவள். அவன் வயலின் வாசிப்பவன், கை செயலிழந்துவிட்டது. அது குணமாக வேண்டும் என்று கேட்டாள், குணமானது. பாலத்தின்மேல் இன்னொரு மேஜிக்கல் கேர்ளோடு சண்டை வரப்போகிறது. சண்டையைத் தடுக்கிற நல்லெண்ணத்தில் மடோகா சயாகாவின் சோல் ஜெம்மை, ஒப்பந்தம் போட்டதும் உருமாறக் கிடைக்கிற அந்தக் கல்லை, பிடுங்கிக் கீழே எறிகிறாள். அது போகிற லாரியின்மேல் விழுகிறது. லாரி போய்விடுகிறது. சயாகா அப்படியே சரிகிறாள். தொட்டுப் பார்த்தால் பிணம். க்யூபே நிதானமாக விளக்குகிறது: உடம்பை இயக்க முடிகிற தூரம் 100 மீட்டர்தான். உயிர் இனி அந்தக் கல்லுக்குள்தான் இருக்கிறது, உடம்பு வெறும் கூடு.

உருமாறுவதற்கான பொருள், பொம்மைக் கடையில் விற்கிற அதே பொருள். அதற்குள் அவளையே எடுத்துப் போட்டு மூடிவிட்டார்கள்.

எட்டாம் எபிசோடில் அடுத்த அடி. சோல் ஜெம் கறுத்துப்போனால் அந்தச் சிறுமியே சூனியக்காரி ஆகிவிடுவாள். இத்தனை நாள் அவர்கள் கொன்ற சூனியக்காரிகள் எல்லாம் பழைய மேஜிக்கல் கேர்ள்கள். இங்கே ஜப்பானிய மொழியில் ஒரு சொல் விளையாட்டு உண்டு, சப்டைட்டிலில் முழுசாக வராது. மேஜிக்கல் கேர்ளுக்கு ஜப்பானியத்தில் மாஹோ ஷோஜோ, நான்கு எழுத்து. சூனியக்காரிக்கு மாஜோ, இரண்டு எழுத்து. முதல் சொல்லின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் சேர்த்தால் இரண்டாவது சொல் வந்துவிடும். இன்னும் பெண்ணாகாதவளை ஷோஜோ என்கிறீர்கள், அப்படியானால் இன்னும் மாஜோ ஆகாதவளை மாஹோ ஷோஜோ என்பதுதானே பொருத்தம் என்கிறது க்யூபே. அந்த வகையின் பெயருக்குள்ளேயே ஐம்பது வருஷமாகப் பதில் கிடந்தது மாதிரி! முதல்முறை கேட்டபோது நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

ரெண்டாவது ஷோ: மூன்றாம் எபிசோடில் ஒரு சாவு வருமே, அதிலிருந்துதானே இது மாறுகிறது?

மேலே மழைக்காகத்துக்குச் சொன்ன பதில்.

லேப் உதவியாளர்: உணர்ச்சியிலிருந்து சக்தி எடுத்து என்ட்ரோபியைச் சமாளிப்பதாகச் சொல்வது இயற்பியலில் செல்லுமா?

செல்லாது. செல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு மரத்தை வளர்க்கப் போட்ட உழைப்பும், அதை எரித்தால் கிடைக்கிற சூடும் சமமாவதில்லை. அண்டத்தின் சக்தி இப்படிக் குறைந்துகொண்டே போகிறது என்று ஒன்பதாம் எபிசோடில் க்யூபே சொல்லும். வளரும் பெண்பிள்ளைகளின் நம்பிக்கை நிராசையாக மாறுகிற நொடியில் இந்தக் கணக்கை மீறிச் சக்தி கிடைக்கிறதாம், அதை அறுவடை செய்யத்தான் வந்திருக்கிறதாம். இயற்பியலாகப் பார்க்காதீர்கள், வரவு செலவாகப் பாருங்கள். சக்தி எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்று கேட்ட முதல் மேஜிக்கல் கேர்ள் கணக்குப்பிள்ளை க்யூபேதான்.

ஏழு வயசு அப்பா: மகளுக்கு இந்தப் படங்கள் பிடித்திருக்கிறது, கன்னம் எல்லாம் உப்பிக்கொண்டு அழகாக இருக்கிறதே. காட்டலாமா?

வேண்டவே வேண்டாம் சார். அந்தக் கன்னம் அவோகி உமே வரைந்தது, ஹிடமாரி ஸ்கெட்ச் என்ற சாந்தமான காமிக்ஸ் போட்டவர். அந்த முகங்களை வைத்துத்தான் பெரியவர்களையே ஏமாற்றினார்கள். ஜப்பானில் இது ஓடியது நள்ளிரவுக்குப் பிறகு. மகளுக்குக் கார்ட்கேப்டர் சகுரா போடுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

கரிசல்: க்யூபே பொய் சொன்னதா இல்லையா?

ஆரம்பித்துவிட்டீர்களா. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கத்தினால், நீங்கள் கேட்கவில்லையே என்கிறது.

கரிசல்: அது பொய்தான் அக்கா. தருமர் "அசுவத்தாமன் இறந்தான்" என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை வாய்க்குள் சொன்னார். சொன்னது உண்மைதான். ஆனாலும் தரையில் படாமல் ஓடிய தேர் தரை தொட்டுவிட்டதே!

உப்புக்காற்று: தருமருக்குத் தருமம் தெரியும், அதனால் தேர் இறங்கியது. க்யூபேவுக்கு உணர்ச்சியே இல்லை. மழை பெய்து வீடு இடிந்தால் மழை பொய் சொன்னது என்பீர்களா?

கரிசல்: மழை கையெழுத்து வாங்குவதில்லை.

நல்ல வரி, இது கரிசலுக்கு. ஆனால் உப்புக்காற்று சொல்வதை க்யூபேவே சொல்கிறது. ஏமாற்றுவது என்றால் என்னவென்றே எங்களுக்குப் புரியவில்லை, தாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டதற்கு மனிதர்கள் ஏன் அடுத்தவரை வெறுக்கிறார்கள் என்று கேட்கும். நடிப்பில்லாமல் கேட்கிற கேள்வி அது.

தேன்மிட்டாய்: இரணியன் வரம் மாதிரிதானே? பகலிலும் இரவிலும் சாகக்கூடாது என்று எவ்வளவு கவனமாகக் கேட்டான், கடைசியில் அந்திப்பொழுதில் ஓட்டை.

அங்கே ஓட்டை இருந்தது வரம் வாங்கியவன் பக்கம். கொடுத்தவர் அந்த ஓட்டையால் ஒன்றும் சம்பாதிக்கவில்லை. இங்கே ஓட்டைதான் வியாபாரமே.

உப்புக்காற்று: அப்படியானால் நீங்களும் அதை வில்லன் என்கிறீர்கள். முதலில் பொய்யே இல்லை என்றீர்கள்.

மடக்கிவிட்டீர்கள். சரி, இவ்வளவு நேரம் நான் எடுத்துவைக்காத ஒரு சாட்சி இருக்கிறது. ஒன்பதாம் எபிசோடு. சயாகா சூனியக்காரி ஆகிவிட்டாள். க்யோகோ, அதே மேம்பாலத்துச் சண்டைக்காரி, அவளைத் திரும்ப மனுஷியாக்க வழி உண்டா என்று க்யூபேவிடம் கேட்கிறாள். எனக்குத் தெரிந்து இல்லை என்கிறது. உனக்குத் தெரியாத வழி இருக்கலாம் இல்லையா என்கிறாள். மேஜிக்கல் கேர்ள்கள் நியாயத்தை மீறுகிறவர்கள், நீங்கள் எதைச் சாதித்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன் என்கிறது. க்யோகோ அதை நம்பிப் போகிறாள், சயாகாவோடு சேர்ந்து சாகிறாள். பிறகு ஹோமுரா என்ற இன்னொரு மேஜிக்கல் கேர்ள் அதே கேள்வியைக் கேட்டால், முடியவே முடியாது என்கிறது கூசாமல். ஏன் தடுக்கவில்லை? க்யோகோ செத்தால், வரப்போகிற பெரிய சூனியக்காரியை எதிர்க்க ஹோமுரா மட்டும்தான் மிச்சம். அப்போது மடோகா ஒப்பந்தம் போட்டே தீர வேண்டும்.

கரிசல், தேர் தரை தொட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்கு இந்த வழக்கைவிடப் பிடித்தது அதன் முகம். பேசும்போது க்யூபேவின் வாய் அசையாது. சிவந்த கண்ணில் ஒன்றும் தெரியாது. முதல் எபிசோடில் அந்த முகம் பஞ்சுப் பொம்மை மாதிரி இருக்கும். ஒன்பதாம் எபிசோடில் அதே முகத்தைப் பார்த்தால் முதுகு சில்லிடும். வரைந்தவர்கள் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. ஐம்பது வருஷமாகக் குட்டி விலங்கு சொன்னதை நம்பிய நம் கண்தான் மாறியிருக்கிறது.

உப்புக்காற்று: பொய்யில்லை, ஆனால் மோசடி. இந்தச் சமரசத்துக்கு வருகிறேன்.

கரிசல்: நான் வரவில்லை.

உங்கள் இருவரையும் ஒரு எபிசோடு எழுத வைக்கலாம். அடுத்தவர்.

கண்ணாடிக்குருவி: ஓப்பனிங் பாட்டை ஏன் ஸ்கிப் செய்யக்கூடாது? மனதை உருக்கும் சாதாரணப் பாட்டுதானே.

அப்படி நினைக்க வைப்பதற்காகத்தான் அப்படி இருக்கிறது. கிளாரிஸ் பாடிய 'கனெக்ட்'. காட்சியில் மடோகா உருமாறிக் குதித்து வருவாள். பெயரே அவள் பெயர், பாட்டிலும் அவள்தான் மேஜிக்கல் கேர்ள். ஆனால் இந்தக் கதையில் அவள் ஒப்பந்தம் போடுவது கடைசி எபிசோடில். மற்ற தொடர்களில் முதல் எபிசோடில் நடப்பது இங்கே பன்னிரண்டாவதில்.

பத்தாம் எபிசோடில் ஹோமுராவின் கதை வருகிறது. முதல் எபிசோடிலிருந்து கல் மாதிரி நின்ற அந்தப் பெண், முதலில் இரட்டைப் பின்னலும் கண்ணாடியும் போட்ட, இதய நோயிலிருந்து எழுந்து பள்ளிக்கு வந்த பயந்தாங்கொள்ளி. அந்த முதல் முறை ஏற்கெனவே மேஜிக்கல் கேர்ளாக இருந்த மடோகா, அவளைக் காப்பாற்றிச் சாகிறாள். மடோகாவைச் சந்தித்ததைத் திரும்ப வாழ வேண்டும், இந்த முறை அவளால் காக்கப்படுகிறவளாக இல்லாமல் அவளைக் காக்கிறவளாக என்று ஹோமுரா கேட்கிறாள். ஒரு மாதத்தைத் திரும்பத் திரும்ப வாழ்கிறாள். ஒரு சுற்றில் மடோகாவே தன்னைச் சுடச் சொல்கிறாள், இவள் சுடுகிறாள். அந்த எபிசோடின் முடிவில் எண்டிங் பாட்டுக்குப் பதில் அதே 'கனெக்ட்' ஓடும். மறக்கமாட்டேன் என்ற வாக்குறுதியை ஒன்பது வாரமாக மடோகாவின் குரலாகக் கேட்டோம். அது ஹோமுராவின் குரல். நான் அதுவரை வாராவாரம் ஸ்கிப் செய்துகொண்டிருந்தேன். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி "இப்போ ஏன் ஓப்பனிங் போடுறாங்க" என்று கேட்டு அழ ஆரம்பித்தபோது, நான் மட்டும் ஏன் அழுகிறாள் என்று முழித்தேன். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இன்னொரு தகவல். மைனிச்சி தொலைக்காட்சியில் பத்தாம் எபிசோடு ஓடியது 2011 மார்ச் 10 பின்னிரவில். மறுநாள் ஜப்பானில் பெரும் நிலநடுக்கம். பெருவெள்ளமும் முகாமில் தங்கும் மக்களும் வருகிற கடைசி இரண்டு எபிசோடுகளும் தள்ளிப்போய், ஏப்ரல் 21 நள்ளிரவுக்குப் பின் ஒன்றாக வந்தன.

டீக்கடை பெஞ்ச்: மூன்றாம் எபிசோடு...

வேண்டாம் தம்பி.

நூல்கண்டு: இந்த வகையையே கேலி செய்ய எடுத்ததா?

இயக்குநரே 2004இல் 'மேஜிக்கல் கேர்ள் லிரிகல் நனோஹா' எடுத்தவர். வெறுக்கிறவர் வேலை இல்லை இது. இதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிய சில தொடர்கள்தான் சிறுமிகளை வதைப்பது மட்டுமே பாடம் என்று நினைத்தன. பெயர் சொல்லமாட்டேன், சண்டை வரும்.

அந்திமாலை: முடிவு சொதப்பல். கடவுள் வந்து எல்லாவற்றையும் சரி செய்துவிட்டார்.

இதற்குப் பொறுமையாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு முக்கியமான இடம். மடோகா என்ன கேட்டாள்? இறந்தகாலம், வருங்காலம் எல்லாவற்றிலும் சூனியக்காரிகள் பிறப்பதற்கு முன்னால் தன் கையாலேயே அழிக்க வேண்டும் என்று. ஒப்பந்தங்களை ரத்து செய்யச் சொல்லவில்லை. அப்படிக் கேட்டிருந்தால்தான் சொதப்பல். சயாகாவை அவள் உயிரோடு கொண்டுவரவில்லை, கவனித்தீர்களா? கொண்டுவந்தால் அந்தப் பையனின் கை திரும்ப முடங்கும். கடைசி எபிசோடில் மடோகாவும் சயாகாவும் ஒரு காலி அரங்கில் உட்கார்ந்து அவன் வாசிப்பதைக் கேட்கிறார்கள். சயாகா அதைக் கேட்டுவிட்டுப் போகிறாள். அவள் ஆசைப்பட்டது தப்பில்லை, அதற்குச் சூனியக்காரியாக முடிவதுதான் தப்பு என்று தீர்த்துவைக்கிறாள் மடோகா. புதிய உலகத்திலும் சண்டை உண்டு, சாவும் உண்டு. செலவு அப்படியே நிற்கிறது, வட்டியை மட்டும் தள்ளுபடி செய்தாள். அந்தத் தள்ளுபடிக்கும் விலை கொடுத்தாள்: அவள் பிறந்ததே யாருக்கும் நினைவில்லை. அவள் அம்மாவுக்குக்கூட. ஹோமுராவுக்கு மட்டும்தான் முழுசாக நினைவு.

வரம் கொடுத்தவனின் விதியை வைத்தே அவனை மடக்கிவிட்டு, மூன்று நம்பிக்கையில் ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுக்கிறது கதை. ஆசைப்படுவது நல்லது என்பதை.

வில்வம்: அப்படியானால் 2013இல் இதன் தொடர்ச்சியாக வந்த ரெபெல்லியன் படம் அதையும் பறித்துவிட்டதே?

ஆமாம். அதைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

புதுவரவு: ஹாய் அக்கா, இப்போதுதான் மூன்றாம் எபிசோடு முடித்தேன், கை நடுங்குகிறது. மேலே எதையும் படிக்கவில்லை. மாமி திரும்ப வருவாளா?

படிக்காமல் நேராக இங்கே வந்தீர்களே, நன்றி. இப்படியே மூடிவிட்டு நான்காவதைப் போடுங்கள். ஓப்பனிங்கோடு.